கார் தானாகப் பிரேக் போடும், சரி. மோதினால் வழக்கு யார் மேல்?

ஓட்டுநர் உதவி வசதி உள்ள கார் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, கார் கம்பெனி ஆளும் இல்லை. விபத்து விசாரணை அறிக்கை எது வந்தாலும் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் உள்ள ஒரு கார் ஓட்டி, அவ்வளவுதான். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கார் தடுமாறுகிற இடங்கள் மட்டும் எங்கேயும் ஒன்றுதான்.

ஏடாஸ் என்றால் கார் தானாக ஓடும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஓட்டுகிறவருக்குக் கைகொடுக்கிற பல வசதிகளுக்கு அது ஒரு மொத்தப் பெயர், ‘மேம்பட்ட ஓட்டுநர் உதவி அமைப்புகள்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குரூஸ் கண்ட்ரோல், கோட்டைத் தாண்டப் போனால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பிவிடுகிற லேன் அசிஸ்ட், மோதப் போகிற கடைசி நேரத்தில் தானே பிரேக் அடிக்கிற வசதி, பக்கக் கண்ணாடியில் விழாத வண்டியைக் காட்டுகிற விளக்கு எல்லாம் இதில் சேர்த்தி. பெயரிலேயே ‘உதவி’ என்றுதான் இருக்கிறது.

லெவல் 2, லெவல் 3 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

எஸ்ஏஇ என்கிற பொறியாளர் அமைப்பு 2014-இல் வகுத்த படிநிலை, 0 முதல் 5 வரை. ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அது தெரிந்தால் போதும். 2 வரைக்கும் ஸ்டியரிங், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றையும் காரே பார்த்துக்கொண்டாலும் சாலையைப் பார்க்க வேண்டியது நீங்கள். 3-இல், கம்பெனி சொன்ன நிபந்தனைகளுக்குள் கார் ஓடும்வரை, சாலையைப் பார்க்கிற வேலையும் காருடையது. அது கூப்பிட்டால் நீங்கள் வர வேண்டும்.

டெஸ்லாவின் ஆட்டோபைலட், ஃபோர்டின் புளூகுரூஸ், ஜிஎம்மின் சூப்பர் குரூஸ் எல்லாமே 2 தான். இவற்றில் சில, குறிப்பிட்ட சாலைகளில் கையை எடுக்கலாம் என்று சொல்லும். கண்ணை எடுக்கலாம் என்று ஒன்றுகூடச் சொல்லாது. அப்புறம், ‘லெவல் 2 பிளஸ்’ என்று விற்பனையாளர்கள் வாயில் ஒரு சொல் அடிபடும். எஸ்ஏஇ பட்டியலில் அப்படி ஒரு படியே கிடையாது.

இதனால் விபத்து உண்மையிலேயே குறைகிறதா?

எந்த வசதி என்பதைப் பொறுத்தது. இங்கேதான் பலரும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

தானியங்கிப் பிரேக் வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கிற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் பார்த்த கணக்கில், முன்னால் போகிற வண்டியின் பின்புறத்தில் இடிக்கிற விபத்துகள் இந்த வசதி உள்ள கார்களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நடந்து போகிறவர்களைக் கண்டுபிடித்து நிற்கிற வகை, அவர்கள் மேல் மோதுவதை 27 சதவீதம் குறைத்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ராத்திரி இருட்டில் நடப்பவருக்குத்தான் ஆபத்தே அதிகம், அந்த நேரத்தில் பார்த்து இது கைவிடுகிறது. இருந்தாலும் பலன் கண்கூடு என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதிதாக விற்கிற கார்களில் தானியங்கிப் பிரேக் கட்டாயம். அமெரிக்காவும் 2029 செப்டம்பருக்குள் என்று கெடு வைத்தது.

லேனைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் தானே ஓட்டுகிற வசதி அப்படியில்லை. அது விபத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அதே நிறுவனம் 2024-இல் சொன்னது. அதே வருடம் 14 கார்களின் அரைத் தானியங்கி வசதிகளை எடுத்து, ஓட்டுகிறவர் கவனமாக இருக்கிறாரா என்று அவை எவ்வளவு சரியாகக் கண்காணிக்கின்றன என்று மதிப்பெண் போட்டார்கள். 11 கார்கள் ‘மோசம்’ வாங்கின. என்னைக் கேட்டால், எப்போதாவது ஒரு நொடி குறுக்கே வந்து காப்பாற்றுகிற வசதிதான் பாதுகாப்பு வசதி. விடாமல் உங்கள் வேலையைச் செய்கிற வசதி சொகுசு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ‘பாதுகாப்பு’ என்று எழுதி விற்பதுதான் குழப்பத்துக்கு ஆரம்பம்.

குறுக்கே நிற்கிற லாரி கூடவா அதன் கண்ணுக்குத் தெரியாது?

தெரியாமல் போகலாம். 2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் அருகே நடந்தது அதுதான். ஆட்டோபைலட்டில் போன டெஸ்லா காருக்கு எதிரே, ஒரு லாரி இடது பக்கம் திரும்பி நெடுஞ்சாலையைக் கடந்தது. வெளிச்சமான வானம், அதற்கு முன்னால் லாரியின் வெள்ளைப் பக்கம். கார் வேகம் குறையாமல் டிரெய்லருக்கு அடியில் புகுந்து போனது. அந்தச் சிஸ்டம் முன்னால் போகிற வண்டியின் முதுகைப் பார்க்கப் பழகியது. குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு சுவரை அது எதிர்பார்க்கவில்லை. 2019 மார்ச்சில் அதே மாநிலத்தில் டெல்ரே பீச்சில் ஏறக்குறைய இதே மாதிரி இன்னொன்று நடந்தது.

ரேடாருக்கு வேறு ஒரு சிக்கல். நகர்கிற பொருளை அது சுலபமாகப் பிரித்துக் காட்டும். நிற்கிற பொருள் என்றால் மேம்பாலம், வழிகாட்டிப் பலகை, சாலையில் பதித்த இரும்பு மூடி எல்லாமே எதிரொலி தரும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் அடித்தால் காரில் யாரும் உட்கார முடியாது. அதனால் வேகமாகப் போகும்போது நிற்கிற பொருளிலிருந்து வருகிற எதிரொலியைப் பல சிஸ்டங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஓரமாக நிற்கிற தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி மேல் இந்தக் கார்கள் போய் மோதியதற்கு இது ஒரு காரணம். உங்கள் காரோடு வந்த புத்தகத்தில் ‘நிற்கும் வாகனங்களை உணராமல் போகலாம்’ என்கிற மாதிரி ஒரு வரி அநேகமாக இருக்கும். விளம்பரத்தில் இருக்காது.

காரணமே இல்லாமல் திடீரென்று பிரேக் போடுகிறதே?

மேலே சொன்னதன் மறுபக்கம் அது. பாலத்தின் நிழலையோ பக்கத்து லேன் லாரியையோ தடை என்று எடுத்துக்கொள்கிறது. பேய்ப் பிரேக் என்று சொல்வார்கள். பின்னால் வருகிறவர் இடித்தால், இடைவெளி விடாத குற்றம் பெரும்பாலும் அவர் மேல்தான் முதலில் விழும். ஆனால் இது அடிக்கடி வந்தால் தேதி, இடம், வேகம் எழுதிவைத்துச் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

கை ஸ்டியரிங்கில் இருந்தால் போதாதா? தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ளலாமே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். மனிதர்களால் முடியாத வேலை என்று ஒன்று உண்டென்றால், எதுவும் நடக்காத ஒன்றை மணிக்கணக்கில் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரையைப் பார்க்கிறவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க, நார்மன் மேக்வொர்த் என்கிற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு கடிகாரம் செய்தார். முள் ஒவ்வொரு துள்ளலாக நகரும், எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளும், அதைப் பார்த்ததும் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள் ஆட்கள் கோட்டைவிட ஆரம்பித்தார்கள். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை, மனித மூளையே அப்படித்தான்.

இப்போது உங்கள் கார். ஐம்பது கிலோமீட்டர் தப்பே செய்யாமல் ஓட்டுகிறது. வளைவில் அழகாகத் திரும்புகிறது. முதல் பத்து நிமிஷம் விரல் இறுகியிருக்கும், அப்புறம் கை மடிக்கு வந்துவிடும், போன் ஒளிர்ந்தால் கண் தானாகக் கீழே போகும். வில்லிஸ்டன் காரில் ஆட்டோபைலட் 37 நிமிஷம் ஓடியது, அதில் ஸ்டியரிங்கில் கை இருந்ததாகப் பதிவானது 25 நொடி.

2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூவில் நடந்ததைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிகிற இடம். கோடு மங்கலாக இருந்ததில் கார் இரண்டு பாதைக்கும் நடுவில் இருக்கிற முக்கோணத்தை லேன் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனது. முன்னால் வண்டி எதுவும் இல்லையே என்று வேகத்தையும் கூட்டி மணிக்குச் சுமார் 114 கி.மீ.யில் தடுப்பில் மோதியது. கடைசி 6 நொடி ஸ்டியரிங்கில் கை இல்லை, போனில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தடுப்பின் மோதல் தாங்கி அதற்குச் சில நாள் முன்னால் நடந்த இன்னொரு விபத்தில் நசுங்கி, சரிசெய்யப்படாமல் கிடந்தது. அதே இடத்தில் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று அந்த ஓட்டுநர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர். தெரிந்தும் கவனம் போய்விட்டது.

ஆபத்து என்றால் காரே சத்தம் போடுமே?

போடும். எவ்வளவு முன்னால் என்பதுதான் கேள்வி. 2025 மார்ச்சில் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஒரு ஷியோமி எஸ்யூ7 கார் உதவி வசதியில் மணிக்கு 116 கி.மீ.யில் போனது. சாலை வேலைக்காக லேனை அடைத்திருந்தார்கள். தடை இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது, அடுத்த நொடியில் ஓட்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், கம்பெனி வெளியிட்ட நேரக்கணக்கின்படி எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் நடுவில் இருந்தது 2 முதல் 4 நொடி. மூன்று கல்லூரி மாணவிகள் இறந்தார்கள். 116 கி.மீ. வேகத்தில் 2 நொடிக்கு 64 மீட்டர் ஓடிவிடும். அதற்குள் என்ன சத்தம் என்று புரிந்து, நிமிர்ந்து, பார்த்து, மிதிக்க வேண்டும்.

சில சமயம் சத்தமே இருக்காது. என் காரில் லேன் அசிஸ்ட் கோட்டைத் தவறவிட்டால் டேஷ்போர்டில் பச்சையாக இருக்கிற ஸ்டியரிங் படம் சாம்பல் நிறத்துக்கு மாறும், அவ்வளவுதான். நெற்றியில் அடிக்கிற வெயிலில் அந்தப் பச்சைக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் சொல்லுங்கள்.

சரி, நேராகச் சொல்லுங்கள்: மோதினால் யார் பொறுப்பு?

லெவல் 2 என்றால், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர். முதல் பதில் அதுதான், போலீஸும் இன்ஷூரன்ஸும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 2019 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் கார்டீனாவில், ஆட்டோபைலட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய டெஸ்லா சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் மோதியதில் வேறொரு காரில் இருந்த இருவர் இறந்தார்கள். உயிரிழப்பு ஏற்படுத்தியதாக வழக்கு ஓட்டியவர் மேல்தான் பாய்ந்தது. அவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை. கார்தான் ஓட்டியது என்கிற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை.

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் சோதனைக் கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மேல் மோதியது இன்னும் சிக்கலான கதை. அது கடையில் விற்கிற கார் இல்லை, முழுத் தானியங்கிக்கான சோதனை. மோதுவதற்கு 5.6 நொடி முன்னாலேயே சிஸ்டம் அவரைப் பார்த்துவிட்டது. பார்த்தும், கார், ஏதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றிப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. அந்த வால்வோ காரில் ஏற்கெனவே இருந்த தானியங்கிப் பிரேக்கைச் சோதனைக்காக அணைத்திருந்தார்கள். இதெல்லாம் கம்பெனியின் முடிவுகள். ஆனால் கம்பெனி மேல் குற்ற வழக்குப் போட அடிப்படை இல்லை என்று 2019-இல் அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார். இருக்கையில் உட்கார்ந்து போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பு ஓட்டுநர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புப் பெற்றார். அவர் செய்தது தப்புதான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து செய்த சமையல் தீய்ந்ததற்குப் பரிமாறினவர் மட்டும் அடி வாங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

காற்று கொஞ்சம் திரும்பியது 2025 ஆகஸ்டில். மயாமியில் ஒரு நடுவர் குழு, 2019-இல் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் நடந்த விபத்துக்கு டெஸ்லாவும் பொறுப்பு என்று சொன்னது. ஓட்டியவர் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்திருந்தார், ஆக்ஸிலரேட்டரிலும் கால் இருந்தது, கார் சாலை முடிகிற சந்திப்பைத் தாண்டிப் போய் நின்றிருந்த வண்டியில் மோதியதில் பக்கத்தில் நின்ற இளம்பெண் இறந்தார். நடுவர்கள் போட்ட பங்கு: ஓட்டியவருக்கு 67 சதவீதம், கம்பெனிக்கு 33. தண்டனைத் தொகையையும் சேர்த்து டெஸ்லா கட்ட வேண்டியது சுமார் 24 கோடியே 30 லட்சம் டாலர் என்று தீர்ப்பு. கம்பெனி மேல்முறையீடு செய்வோம் என்றது. இந்தத் தீர்ப்பில் முக்கியமானது தொகை இல்லை. ஓட்டியவர் கவனிக்கவில்லை என்பதை யாரும் மறுக்காதபோதும், அவர் கவனிக்காமல் இருக்க இடம் கொடுத்த வடிவமைப்புக்குத் தனிப் பங்கு உண்டு என்று நடுவர்கள் ஒத்துக்கொண்டார்கள். வில்லிஸ்டன் விபத்து பற்றி அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-லேயே இதைத்தான் சொன்னது: வழிவிடாத லாரி ஓட்டுநர், கவனிக்காத கார் ஓட்டுநர், அவரை அவ்வளவு நேரம் கவனிக்காமல் இருக்க விட்ட சிஸ்டம், மூன்றுக்கும் பங்கு உண்டு என்று.

மோதுவதற்குச் சற்று முன்னால் சிஸ்டம் தானே அணைந்துவிட்டால்? ‘அப்போது நாங்கள் ஓட்டவில்லை’ என்று கம்பெனி கம்பி நீட்டாதா?

நியாயமான பயம். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2022-இல் ஆராய்ந்த 16 விபத்துகளில், சராசரியாகப் பார்த்தால், முதல் மோதலுக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு முன்னால்தான் ஆட்டோபைலட் கையை விட்டிருந்தது. வேண்டுமென்றே என்று சொல்ல முடியாது, குழம்பினால் விட்டுவிடுவது சிஸ்டத்தின் இயல்பு. இந்த ஓட்டையை அடைக்கத்தான், மோதலுக்கு 30 நொடி முன்புவரை வசதி இயங்கியிருந்தாலும் அந்த விபத்தைத் தெரிவித்தாக வேண்டும் என்று 2021-இல் அந்த நிர்வாகம் உத்தரவு போட்டது.

கம்பெனியே பொறுப்பேற்கிற கார் கிடையாதா?

லெவல் 3-க்குப் போனால் உண்டு. மெர்சிடிஸின் டிரைவ் பைலட்டுக்கு ஜெர்மனி 2021 டிசம்பரில் அனுமதி கொடுத்தது, ஆரம்பத்தில் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்துக்குள் மட்டும். அதற்கு முன் அதே வருடம் ஜப்பானில் ஹோண்டா நூறே நூறு கார்களில் கொடுத்தது. இதற்கான ஐ.நா. விதியில், காரை ஒப்படைக்கக் கூப்பிட்டால் ஓட்டுகிறவருக்குப் 10 நொடி கொடுக்க வேண்டும். மேலே பார்த்த 2 நொடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரிட்டன் 2024-இல் சட்டமே கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற சிஸ்டம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஓட்டிய விதத்துக்காக உள்ளே இருப்பவர் மேல் குற்றம் சாட்ட முடியாது, அங்கீகாரம் வாங்கிய நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். காயம்பட்டவர் இழப்பீட்டுக்குக் கம்பெனி பின்னால் அலையத் தேவையில்லை, இன்ஷூரன்ஸ் முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும் என்று அங்கே 2018-லேயே ஏற்பாடு உண்டு. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

நான் வைத்திருக்கிற சோதனை சுலபமானது. ‘இது ஓடும்போது நடக்கிற மோதலுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று கம்பெனி எழுத்தில் கொடுக்கிறதா? கொடுக்கவில்லை என்றால், வசதிக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் ஓட்டுநர் நீங்கள்தான்.

முன்கண்ணாடியை மாற்றினால் ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம். இதில் நானே பட்டிருக்கிறேன். கல் தெறித்து விரிசல் விட்ட கண்ணாடியை ஒரு பட்டறையில் மாற்றினேன். வேலை சுத்தம். கேமராவைக் கழற்றித் திரும்ப மாட்டினார்கள், கேலிபரேஷன், அதாவது கேமரா சரியான கோணத்தில் பார்க்கிறதா என்று அளந்து சரிசெய்வது, என்கிற பேச்சையே எடுக்கவில்லை, டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. இரண்டு நாள் கழித்து நெடுஞ்சாலையில் லேன் அசிஸ்ட் போட்டால், கார் நடுவில் ஓடாமல் ஒரு பக்கக் கோட்டை உரசிக்கொண்டே போகிறது. நான் இழுக்க அது தள்ள, கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு அணைத்துவிட்டேன். கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் போதும், 100 மீட்டர் தள்ளி இருக்கிற பொருள் ஒன்றே முக்கால் மீட்டர் விலகித் தெரியும், அதாவது ஏறக்குறைய அரை லேன். முன் பம்பரைக் கழற்றினாலும் இதே கதைதான், பல கார்களில் ரேடார் அங்கேதான் இருக்கிறது. கேலிபரேஷன் செய்த ரசீதை வாங்கி வையுங்கள், நாளைக்கு வழக்கு என்று வந்தால் அது பேசும்.

அப்படியானால் எல்லாவற்றையும் அணைத்து வைத்துவிடட்டுமா?

வேண்டாம். தானியங்கிப் பிரேக்கை ஒருபோதும் அணைக்காதீர்கள். பக்கவாட்டு எச்சரிக்கையும் இருக்கட்டும். லேன் அசிஸ்ட் சாலை வேலை நடக்கிற இடத்திலும் கோடு அழிந்த இடத்திலும் வேண்டாம். ஸ்டியரிங்கில் எடை கட்டிக் காரை ஏமாற்றுகிற சாமான் விற்கிறார்களே, அதை வாங்கி மாட்டினால் விபத்துக்குப் பிறகு கம்பெனி மேல் விரல் நீட்ட உங்களுக்கு வாயே இருக்காது.

விபத்து நடந்துவிட்டது. ஆளுக்குச் சிகிச்சை, போலீஸுக்குத் தகவல் எல்லாம் ஆயிற்று. அப்புறம்?

காரை உடனே விற்கவோ உடைக்கவோ கொடுக்காதீர்கள். பல கார்களில் மோதலுக்கு முந்தைய 5 நொடி வேகம், பிரேக் போன்றவற்றைப் பதிகிற கருவி உண்டு, ஆனால் உதவி வசதி எந்த நிலையில் இருந்தது என்கிற முழு விவரம் பெரும்பாலும் கம்பெனியின் சர்வரில் இருக்கும். அதை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், முடிந்தால் வக்கீல் மூலம். கீ லார்கோ வழக்கிலும் அந்தத் தரவு எங்கே போனது என்பதே பெரிய சண்டையாக இருந்தது. நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள்: எந்த வசதி போட்டிருந்தீர்கள், எந்த வேகம் வைத்திருந்தீர்கள், என்ன சத்தம் வந்தது, வந்ததா. ‘கார்தான் ஓட்டியது’ என்று மொட்டையாகச் சொன்னால், லெவல் 2-இல் அதற்கு ‘நான் சாலையைப் பார்க்கவில்லை’ என்று ஒரே அர்த்தம்தான். அப்புறம், வண்டியை மட்டும் படம் எடுத்துவிட்டு வராதீர்கள். சாலையையும் எடுங்கள்: அழிந்த கோடு, அழிக்காமல் விட்ட பழைய கோடு, நசுங்கிக் கிடக்கிற தடுப்பு, எதிரில் அடித்த வெயில். அன்றைக்கே எடுங்கள், மறுவாரம் போனால் அங்கே பளிச்சென்று புதுக் கோடு போட்டிருப்பார்கள்.